மைனஸ் 18 டிகிரியிலிருந்து வெப்பம் எப்படி வெளியேறுகிறது?

கேள்வி:
உறைவிப்பானின் உட்புறம் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலும் அறை 30 டிகிரியிலும் இருக்கும்போது, குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்திற்கு வெப்பம் எவ்வாறு செல்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. வெப்பம் தானாக அப்படிப் பாயாது என்றுதானே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி கூறுகிறது? மேலும், வாயுவை அமுக்கினால் அது சூடாகிறது. குளிர்விக்கும் கருவியில் சூடாக்கும் கம்ப்ரசர் எதற்காக?

பதில்:
உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. ஒரு திரவத்தின் கொதிநிலை அதன் மீதுள்ள அழுத்தத்தைப் பொறுத்து மாறும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகளின் குழாய்களில் குளிரூட்டும் பொருளாக இப்போது பரவலாகப் பயன்படும் ஐசோபியூட்டேன், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரியில் கொதிக்கிறது, அழுத்தம் 0.6 பார் அளவுக்குக் குறைந்தால் (வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார்) மைனஸ் 25 டிகிரியிலேயே கொதித்துவிடும். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் உட்புறம் அந்தத் திரவத்தைவிடச் சூடானது என்பதால், வெப்பம் இயல்பாகவே குழாய்க்குள் பாய்ந்து, உள்ளுறை வெப்பமாக, அதாவது திரவம் ஆவியாக மாற எடுத்துக்கொள்ளும் வெப்பமாக, ஆவியுடன் சேர்ந்துகொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் 5.3 பார் வரை அமுக்கும்போது, அது திரவமாகும் வெப்பநிலை 40 டிகிரிக்கு உயர்கிறது. இப்போது 30 டிகிரி அறைக்காற்றே அதைத் திரவமாக்கப் போதுமானது. வெப்பம் கைமாறும் இரண்டு இடங்களிலும் அது சூட்டிலிருந்து குளிருக்கே பாய்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், அழுத்தத்தைக் குறைப்பதற்காக அடுத்து வரும் மிக மெல்லிய குழாயான நுண்குழாயில் வாயு விரிவதால்தான் குளிர் உண்டாகிறதா?

மற்றொரு பதில்:
பலரும் அவ்வாறே எழுதுகிறார்கள். ஆனால் அது சரியன்று. நுண்குழாய்க்குள் நுழைவது வாயு அன்று, திரவம். அழுத்தம் சட்டென்று குறைவதால் அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. அதற்குத் தேவையான வெப்பத்தை எஞ்சிய திரவத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் முழுவதும் குளிர்ந்துவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன், எளிதில் ஆவியாகும் திரவமான ஈதரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி நீரை உறையவைத்தார். ஆவியாதல் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆவியை மீண்டும் திரவமாக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மூடிய சுழற்சிக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834இல் காப்புரிமை பெற்றார். கம்ப்ரசர் அந்த மீட்புக்காகவே இருக்கிறது.

முந்தைய பதிலுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மைனஸ் 18க்கும் 30க்கும் இடையே மட்டும் கணக்கிட்டால், ஒரு ஜூல் வேலைக்கு அதிகபட்சம் உட்புற வெப்பநிலையை (கெல்வின் அளவில் 255) வெப்பநிலை வேறுபாடான 48ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 5.3 ஜூல் வெப்பத்தை வெளியேற்றலாம். ஆனால் வெப்பம் பாய்வதற்காக உள்ளே 7 டிகிரியும் வெளியே 10 டிகிரியும் விட்டுக்கொடுத்திருக்கிறோம்; மைனஸ் 25க்கும் 40க்கும் இடையே அதே வரம்பு 3.8 ஆகக் குறைந்துவிடுகிறது. பின்புறக் கம்பிச்சுருளில் தூசி படிந்தால் வெளிப்புற இடைவெளி இன்னும் விரிந்து, கம்ப்ரசர் மேலும் உழைக்க வேண்டியிருக்கும்.