கட்டும் முன்பே கட்டடத்தைக் காட்டும் கணினி வீடியோ: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதை ஏற்கலாமா?

வரைபலகை:
ஏற்கலாம் என்பது மட்டுமல்ல, கட்டாயமாக்க வேண்டும் என்பேன். ஒரு பெரிய கட்டடம் வரப்போகிறது என்றால் அக்கம்பக்கத்தாரிடம் பிளானையும் (மேலிருந்து பார்க்கும் வரைபடம்) எலிவேஷனையும் (முகப்பை நேராகக் காட்டும் வரைபடம்) நீட்டுகிறார்கள். அதைப் படித்துப் பழகாதவருக்கு அது வெறும் கோடுகள். தன் ஜன்னலுக்கு எதிரே எவ்வளவு வானம் மிஞ்சும் என்று அவரால் கணிக்க முடியாது. வீடியோவில் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தெருவாசி:
எது தெரியும் சார்? நான் பார்த்த வீடியோக்களில் கேமரா வானத்தில் பறக்கிறது. மேலிருந்து பார்த்தால் எந்தக் கோபுரமும் அடக்கமாகத்தான் இருக்கும். தெருவுக்கு இறங்கும்போதோ, இனிமேல்தான் நடப்போகும் மரங்கள் முற்றி வளர்ந்து பாதிச் சுவரை மறைத்து நிற்கின்றன. அந்தக் கன்றுகள் அப்படி வளரும்வரை அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் பார்க்கப்போவது மொட்டைச் சுவரைத்தான். இதை வைத்துக் கருத்துக் கேட்பது அநியாயம்.

வரைபலகை:
அப்படியானால் பறக்கும் காட்சியை விலக்கி வையுங்கள், வீடியோவையே ஏன் விலக்க வேண்டும்? 1970களிலேயே அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நகர வடிவமைப்புப் பேராசிரியர் டொனால்ட் ஆப்பிள்யார்டின் குழு ஊரைச் சிறிய மாடலாகச் செய்து, பெரிஸ்கோப் போன்ற லென்ஸை அதன் தெருக்களுக்குள் இறக்கி, நடப்பவரின் கண்மட்டத்தில் படம் எடுத்தது. பிறகு அதே ஆய்வகத்தில் பீட்டர் போசல்மன் உயரமான கட்டடங்களின் நிழல் எங்கே விழும் என்று காட்டினார். பூங்காக்கள் மேல் நிழல் விழுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் சான் ஃபிரான்சிஸ்கோவில் 1984இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. அந்த விவாதத்தில் இந்தப் படங்களுக்கும் பங்குண்டு. அங்கே நகரும் படம் மக்கள் பக்கம்தான் நின்றது.

கோணமானி:
இந்தப் படங்களைச் செய்வதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஏமாற்று பெரும்பாலும் கணினி மாடலில் இருக்காது, லென்ஸில் இருக்கும். ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 50 மிமீ லென்ஸ் கிடைமட்டமாகச் சுமார் 40 டிகிரி காட்டும். 24 மிமீ போட்டால் சுமார் 74 டிகிரி. ஒரே இடத்தில் நின்று இரண்டிலும் எடுத்து, ஒரே அகலத்தில் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டாவதில் கட்டடம் பாதிக்கும் குறைவான அளவில்தான் தெரியும். ஒரு பொய்கூடச் சொல்லாமல் கட்டடத்தைத் தள்ளி நிறுத்திவிடலாம். வீடியோ என்றால் எந்த லென்ஸ் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றாது.

ஒழுங்காகச் செய்தால் வேலை வேறு மாதிரி. முக்காலி நின்ற புள்ளியை சர்வே செய்து, விளக்குக் கம்பம், கூரை முனை போன்ற நிலையான புள்ளிகளையும் அளந்து, கணினிக்குள் இருக்கும் கேமராவை அவற்றோடு பொருத்துவோம். படம் எடுத்த தேதி, நேரத்துக்கு ஏற்பச் சூரியனை வைப்போம். லண்டனில் இதற்கு 0 முதல் 3 வரை படிநிலைகள் உண்டு: 0 என்றால் இடமும் அளவும் மட்டும், 3 என்றால் சுவர் எந்தப் பொருளால் ஆனது என்பது வரைக்கும். எந்தப் படிநிலை என்று படத்தோடு எழுதித் தர வேண்டும். எனக்கு அசையாத படமே போதும், அளந்ததாக இருந்தால்.

தெருவாசி:
அளந்த படமும் ஒரு புள்ளி, ஒரு நேரம்தானே? அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் கட்டுபவர். லண்டன் என்றதால் சொல்கிறேன்: 20 ஃபென்சர்ச் தெருக் கோபுரத்தின் உட்குழிந்த கண்ணாடி, 2013இல் வெயிலைக் குவித்துக் கீழே நின்ற காரின் பாகங்களை உருக்கியது. அழகான படம் அதைச் சொல்லவே சொல்லாது. எனக்கு சுவிட்சர்லாந்து முறைதான் பிடித்திருக்கிறது. வரப்போகும் கட்டடத்தின் உயரத்தையும் ஓரங்களையும் காட்டும் கம்பங்களை அந்த மனையிலேயே நட்டு வைக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நிழல்தேடி:
கம்பம் நல்லதுதான். ஆனால் வெளிக்கோட்டைத் தாண்டி எதுவும் தெரியாது. டிசம்பர் மாதம் மூன்று மணிக்கு நிழல் எங்கே போகும் என்று கம்பத்திடம் கேட்க முடியாது. அதற்குக் கணினிதான் வேண்டும்.

வரைபலகை:
அதனால்தான் மாடலையே மக்கள் கையில் கொடுத்துவிடலாம் என்கிறேன். கேம் எஞ்சினில் (வீடியோ கேம்களை இயக்கும் மென்பொருள்) ஏற்றிவிட்டால் வேண்டிய இடத்துக்கு நடந்து போய்ப் பார்க்கலாம், சூரியனையும் நகர்த்தலாம். புள்ளியை யார் தேர்ந்தெடுப்பது என்ற சண்டையே வராது.

கோணமானி:
சண்டை வேறிடத்தில் வரும். புதுக் கட்டடத்தை ஜன்னல் கைப்பிடி வரை செய்திருப்பார்கள், சுற்றியிருக்கும் வீடுகள் சாம்பல் நிறப் பெட்டிகளாக நிற்கும். பெட்டிகளுக்கு நடுவே எதை வைத்தாலும் அழகுதான். அக்கம்பக்கத்தையும் அளந்து சேர்க்காத மாடலை நான் ஏற்க மாட்டேன்.

தெருவாசி:
சேர்க்கட்டும். அந்தச் செலவு கட்டுபவருடையதாக இருக்கட்டும். எந்தெந்த ஜன்னலிலிருந்து, எந்தப் பள்ளி வாசலிலிருந்து படம் வேண்டும் என்ற பட்டியலை அங்கே வசிப்பவர்கள் முதலில் கொடுக்க வேண்டும், கேமரா அதற்குப் பிறகுதான் வெளியே வர வேண்டும். இதற்கு வரைபலகை சம்மதித்தால் நானும் வீடியோவுக்குச் சம்மதிக்கிறேன்.

வரைபலகை:
பட்டியலுக்குச் சம்மதம். ஆனால் ஜன்னலோடு நிறுத்தாதீர்கள், பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடக்கும் வழியையும் அதில் சேருங்கள். அந்த நடையை அசையாத படத்தில் காட்ட முடியாது.