மோட்டார் ஓடியும் நட்சத்திரம் கோடாக விழுகிறது: மதுரை மொட்டைமாடியிலிருந்து ஓரியன் நெபுலா

கேள்வி (திருநகர்)

வணக்கம். என்னிடம் இருப்பது 130 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த தொலைநோக்கி), குவியத் தூரம் 650 மி.மீ. ஈக்வடோரியல் மவுண்ட் (வானத் துருவத்தை நோக்கிய அச்சில் சுழலும் தாங்கி), அதில் வானத்தோடு கிழக்கிலிருந்து மேற்கே திருப்பும் ஆர்.ஏ. மோட்டார் மட்டும் உண்டு. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இல்லாமல் நேரடியாக மாட்டுகிறேன், ஃபோகஸ் வருகிறது. எடுக்க நினைப்பது ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள வாயு மேகமான ஓரியன் நெபுலா, எம் 42.

30 விநாடி திறந்து வைத்தால் எல்லா நட்சத்திரமும் சின்னச் சின்னக் கோடாக விழுகிறது. 10 விநாடிக்கே நீள ஆரம்பித்துவிடுகிறது. மோட்டார் ஓடத்தான் செய்கிறது, பேட்டரியும் புதிது.

வடக்கே அடுத்த வீட்டு மாடியும் தண்ணீர்த் தொட்டியும் மறைப்பதால் துருவ நட்சத்திரம் கண்ணில் படுவதே இல்லை. போனில் உள்ள திசைகாட்டியை வைத்துத்தான் வடக்கு பார்க்கிறேன். அப்புறம், மவுண்டின் அச்சை மதுரையின் அட்சரேகையான 10 டிகிரிக்கு இறக்கினால் கவுண்டர்வெயிட் (எதிரெடை) கம்பி ஸ்டாண்டின் காலில் இடிக்கிறது. 15க்குக் கீழே போக முடியவில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நம் மாடியிலிருந்தே எடுத்த படம் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் தினமும் பார்க்கும் வானத்தில் இது இருக்கிறது என்று தெரிய வேண்டும். உதவுங்கள்.

பதில் (மேலூர்)

டீச்சர், முதலில் பேலன்ஸ் பாருங்கள். கேமரா மாட்டியதும் எடை மாறிவிடும். கிழக்குப் பக்கம் ஒரு நூல் கனமாக இருந்தால் பல்சக்கரம் ஆடாமல் ஓடும். அதுவும் சரியாக இருந்தால் 5 விநாடி வீதம் நூற்றுக்கணக்கில் எடுத்து டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற மென்பொருளில் ஒரே படமாக அடுக்கிவிடுங்கள். எம் 42 நல்ல வெளிச்சமான நெபுலா, அந்த முறையிலும் படம் கிடைக்கும்.

பதில் (நாகமலை புதுக்கோட்டை)

5 விநாடி ஒரு வழிதான். ஆனால் நெபுலாவின் வெளிப்புற மெல்லிய சிறகுகள் அதில் சரியாக ஏறாது. மவுண்டையே சரிசெய்துவிடலாம் டீச்சர்.

ஊகிப்பதற்கு முன் ஒரு சோதனை. எம் 42 தெற்கே உச்சியை நெருங்கும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு 5 விநாடி ஒரு படம் எடுங்கள். நீளமான கோடு விழும், அதுதான் கிழக்கு மேற்கு. கேமராவைத் திருப்பாமல், மோட்டாரைப் போட்டு 30 விநாடி இன்னொன்று எடுங்கள். இரண்டு கோடும் ஒரே திசையில் இருந்தால் மோட்டார், கியர், பேலன்ஸ் இவற்றில்தான் கோளாறு. குறுக்கே விழுந்தால் மவுண்டின் அச்சு துருவத்தைப் பார்க்கவில்லை என்று பொருள்.

கேட்டவர்

எடுத்துப் பார்த்தேன் சார். குறுக்கேதான் விழுகிறது, கிட்டத்தட்ட செங்குத்தாக. பெரிதாக்கி எண்ணினால் 40 பிக்சல் நீளம் வருகிறது.

பதில் (நாகமலை புதுக்கோட்டை)

அப்படியானால் உங்கள் மோட்டார் நல்ல மோட்டார். கணக்கைப் பாருங்கள். உங்கள் குவியத் தூரத்தில், 4.3 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவில், ஒரு பிக்சல் சுமார் 1.36 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). 40 பிக்சல் என்றால் சுமார் 54, அதுவும் அரை நிமிடத்தில்; நிமிடத்துக்கு 108. அச்சு ஒரு டிகிரி விலகினால் நட்சத்திரம் அதிகபட்சம் நிமிடத்துக்கு 15.7 ஆர்க் செகண்ட் நகரும். ஆக உங்கள் வடக்கு ஏறக்குறைய 7 டிகிரி தப்பாக இருக்கிறது.

போன் திசைகாட்டியை மாடியில் நம்பக் கூடாது. காலுக்குக் கீழே கான்கிரீட்டில் முழுக்க இரும்புக் கம்பி, பக்கத்தில் இரும்பு ஸ்டாண்ட், மோட்டாருக்குள் காந்தம். எதன் பக்கம் வேண்டுமானாலும் அது திரும்பும்.

கையேடுகள் எல்லாம் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. மதுரையில் அது அடிவானத்துக்கு மேல் 10 டிகிரிதான். வீடு மறைக்காவிட்டாலும் தூசியும் புகையும் மறைக்கும். நமக்குச் சூரியன் போதும். ஸ்தபதிகள் சங்கு என்ற குச்சியை நட்டு நிழலைப் பார்த்துத் திசை குறிக்கும் முறை இங்கே எத்தனையோ காலமாக இருப்பதுதான்.

கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டு வாங்கி, காற்றில் ஆடாமல் கட்டித் தொங்கவிடுங்கள். மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல. நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, மதுரை இருப்பது 78.1இல். அதில் பதினேழரை நிமிடம் போகிறது. பொங்கல் சமயத்தில் சூரியனே ஒன்பது நிமிடம் பிந்தி வரும். ஆக 12:27க்கு நூலின் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் உண்மையான வடக்கு தெற்கு. அந்த நேரத்தில் நிழல் வேகமாகத் திரும்பும், ஒரு நிமிடம் தவறினால் அரை டிகிரி போய்விடும். அதனால் கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டு உட்காருங்கள்.

கம்பி இடிப்பதற்கு: அளவுகோலை 15லேயே விடுங்கள். ஒரு காலை நேர் வடக்கே வைத்து அதை மட்டும் கொஞ்சம் சுருக்குங்கள். ஸ்டாண்டே வடக்கே சாய்ந்து மீதி 5 டிகிரி கிடைத்துவிடும், கம்பியும் இடிக்காது. அதன்பின் அளவுகோல் எண் உதவாது, துருவ அச்சின் உடல்மேல் போனை வைத்து ரசமட்ட ஆப்பில் 10 காட்டுகிறதா என்று பாருங்கள். சாய்வை அளக்கும் சென்சாரை இரும்பு ஒன்றும் செய்யாது. ஸ்டாண்டுக்கு அடியில் ஏதாவது கனமாகக் கட்டித் தொங்கவிடுவது நல்லது.

கேட்டவர்

பொங்கலன்று செய்தேன். தட்டோடு பதித்த தளம் என்பதால் நூல் நிழல் மங்கலாக இல்லாமல் தெளிவாகவே விழுந்தது. சாக்பீஸால் இரண்டு முனையிலும் புள்ளி வைத்து, பிறகு பெயிண்டில் கோடு இழுத்துவிட்டேன். போன் காட்டிய வடக்கு அந்தக் கோட்டுக்கு ஏழெட்டு டிகிரி மேற்கே நிற்கிறது. நீங்கள் கணக்கில் சொன்னது அப்படியே தரையில் தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது சார்.

ராத்திரி 30 விநாடி எடுத்ததில் நட்சத்திரங்கள் ஏறக்குறைய வட்டம். இன்னும் ஒரு பொடி நீட்டல் இருக்கிறது. இப்போது புதிய சிக்கல்: நெபுலாவின் நடுப்பகுதி வெறும் வெள்ளை. படம் மொத்தமும் ஆரஞ்சாக இருக்கிறது.

பதில் (நாகமலை புதுக்கோட்டை)

மீதி நீட்டலை மின்டகாவை வைத்துத் தீர்க்கலாம். ஓரியன் இடுப்புப் பட்டையில் மேற்கு ஓரமாக இருக்கும் நட்சத்திரம், வான நடுக்கோட்டின் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) மேலேயே கிட்டத்தட்ட உட்கார்ந்திருக்கிறது. இப்போது இரவு பத்தேகால் வாக்கில் உச்சியைக் கடக்கிறது. குறுக்குக் கம்பி உள்ள ஐபீஸில் நடுவில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே போயிருக்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் நேர்மாறு. ஐபீஸில் எது தெற்கு என்ற குழப்பம் வரும்: டியூபை லேசாக வடக்கே தள்ளினால் நட்சத்திரம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது தெற்கு.

இந்த நெபுலாவை முதன்முதலில் படம்பிடித்தவர் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30 அன்று. 51 நிமிடம் திறந்து வைத்து எடுத்தார். அவ்வளவு நேரம் தொலைநோக்கியை வானத்தோடு ஓடவிட வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

பதில் (உசிலம்பட்டி)

நடுவில் வெள்ளையாவது உங்கள் பிழை இல்லை அக்கா. அங்கே டிரபீசியம் என்ற நான்கு நட்சத்திரங்கள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றிய பகுதி சிறகுகளைவிடப் பல மடங்கு பிரகாசம். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அடங்காது. 30 விநாடியில் ஒரு தொகுதி, 2 அல்லது 3 விநாடியில் இன்னொரு தொகுதி எடுத்துத் தனித்தனியாக அடுக்கி, நடுப்பகுதியை மட்டும் குட்டைத் தொகுதியிலிருந்து சேர்த்துவிடுங்கள். கேமராவின் ஒளி உணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ, 800 போதும். கண்டிப்பாக ரா (பதப்படுத்தாத மூலக் கோப்பு) வடிவில் எடுங்கள்.

ஆரஞ்சு தெருவிளக்கு வெளிச்சம்தான். சிரில் என்ற இலவச மென்பொருளில் பின்னணியை நீக்கும் வசதி இருக்கிறது, அடுக்கிய படத்தில் அதை முதலில் செய்யுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். விலை அதிகமான ஃபில்டர் வாங்க அவசரப்பட வேண்டாம், எல்ஈடி விளக்கு எல்லா நிறத்திலும் பரவுவதால் அதை வடிகட்டுவது கடினம். சிவப்பு குறைவாக வந்தால் கவலைப்படாதீர்கள். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைக் கேமரா சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடியே தடுத்துவிடுகிறது. இளஞ்சிவப்பாக வந்தாலே நல்ல படம்.

நாள் பார்ப்பதும் முக்கியம். தைப்பூசம், தெப்பத் திருவிழா நேரம் முழு நிலா, எடுக்கவே முடியாது. தை அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் இரைச்சலைக் கழிக்க உதவும் டார்க் படங்களை அன்றைய இரவே, கேமரா ஆறுவதற்குள், மூடியைப் போட்டு அதே 30 விநாடியில் எடுத்துவிடுங்கள். ரா கோப்புகளை எங்காவது ஏற்றி இணைப்பு கொடுத்தால் நானும் ஒருமுறை அடுக்கிப் பார்க்கிறேன்.