கூன் விழுந்ததை உங்களுக்கு யார் சொன்னது?

ராத்திரிஷிஃப்ட்:
எனக்குத் தையல்காரர். புதுச் சட்டை முன்னால் தொங்குகிறது, பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அளவு தப்பு என்று சண்டைக்கே போய்விட்டேன். மனிதர் ஒன்றும் பேசவில்லை. டேப்பைப் பிடரியில் வைத்து முதுகு வழியே இறக்கினார், நோட்டைப் பார்த்தார். "அளவெடுத்த அன்னைக்கு விறைப்பா நின்னீங்க சார். இன்னைக்குத்தான் உங்க மாதிரி நிக்கிறீங்க." வயது 34. இன்னும் அந்த வார்த்தை போகவில்லை.

பர்ஸ்பாண்டி:
எனக்குக் கூன் இல்லை, சாய்வு. பின்பாக்கெட்டில் ரசீது அடைத்த பர்ஸ். ஒருநாள் கார் ஓட்டும்போது வலது கால் மரத்து, பாதம் பிரேக்கில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ஓடுகிற வண்டியில்! இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பைப் பர்ஸ் அழுத்துகிறதாம். முன்பாக்கெட்டுக்கு மாற்றினேன், மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது.

நிமிர்ந்தநடை:
எனக்குக் கழுத்துவலி வந்தது, செல்போனால்தான். @ராத்திரிஷிஃப்ட், நீங்களும் போன்தானே? தலை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ. முதலில் திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்கு ஏற்றுங்கள். லேப்டாப் என்றால் தனிக் கீபோர்டு வேண்டும், இல்லாவிட்டால் கை தூக்கித் தோள் போகும். பாதம் தரையில் முழுதாகப் பதியணும். எட்டவில்லையா, பலகை போடுங்கள். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கட்டும். போனை முகத்துக்குத் தூக்குங்கள், முகத்தைப் போனுக்கு இறக்காதீர்கள். அப்புறம் தலையணை...

பழையநாற்காலி:
போதும் நிமிர்ந்தநடை, அவர் கேட்கவே இல்லையே. அந்த 27 கிலோ 2014-இல் கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு, யார் கழுத்திலும் அளந்ததில்லை. 1999-இல் வெளியான ஆய்வில் ஒருவருடைய முதுகெலும்பு டிஸ்குக்குள்ளேயே அழுத்தம் அளக்கும் சென்சார் வைத்தார்கள். முதுகை விறைத்து உட்கார்ந்ததைவிட நாற்காலியில் சரிந்து கிடந்தபோது அழுத்தம் குறைவு. ஒரே ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் இரண்டு வருஷம் கம்பி மாதிரி உட்கார்ந்துதான் முதுகு பிடித்துக்கொண்டது. பிசியோவிடம் போய், சரியாக எப்படி உட்கார்வது என்று உட்கார்ந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, எழுந்திருங்க" என்றார். எழுந்தேன். "இதைத்தான் அரை மணிக்கு ஒருதரம் செய்யணும்." அவ்வளவுதான் வைத்தியம். ஃபீஸ் கொடுக்கும்போது வயிறெரிந்தது.

நிமிர்ந்தநடை:
சரிந்து கிடந்தால் நல்லது என்று சொல்ல வருகிறீர்களா?

பழையநாற்காலி:
ஒரே மாதிரி கிடக்காதீர்கள் என்கிறேன்.

ராத்திரிஷிஃப்ட்:
எல்லாம் சரி. சனிக்கிழமை அடுத்த சட்டைக்கு அளவு கொடுக்கணும். விறைப்பா நிற்பதா, என்னை மாதிரி நிற்பதா?