டிபக்கர் மிதவைப் புள்ளிப் பதிவகங்களை எப்படிக் காட்ட வேண்டும்?

அறிவியல்நகர் மாணவன் (கேள்வி)

வணக்கம். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் நாங்கள் சிலர், சிறிய குளங்களின் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் கருவியொன்றை இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் செய்து வருகிறோம். அதில் உள்ளது ஆர்ம் கோர்டெக்ஸ்-எம்4 சில்லு. பின்ன எண்களைக் கணிக்கும் மிதவைப் புள்ளி அலகும் அதிலேயே உண்டு. நீர்மட்டத்தை அடிக்கு மாற்றும் சார்பினுள் நிரலை நிறுத்தி, ஜிடிபி என்ற டிபக்கரில் (நிரலை நிறுத்திப் பிழை தேடும் கருவி) பதிவகங்களை, அதாவது சில்லினுள் எண்களை வைத்திருக்கும் சிறு இடங்களை, பார்த்தபோது, 12.5 இருக்க வேண்டிய டி0 என்ற பெயருக்கு எதிரே 5.41 × 10இன் −315ஆம் வலு என்று தெரிந்தது. நிரலை ஓட விட்டால் 12.5 என்றுதான் அச்சிடுகிறது.

இது ஏன் என்பதோடு இன்னொன்றையும் அறிய விரும்புகிறோம். எங்கள் பலகைக்கென்று பதிவகங்களைக் காட்டும் சிறிய சாளரம் ஒன்றை எழுதுகிறோம். அதில் மிதவைப் புள்ளிப் பதிவகங்களைத் தசமத்தில் காட்டுவதா, பதினறுமத்தில் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறை) காட்டுவதா, எத்தனை இலக்கம் வரை காட்டுவதா?

ஓமந்தையாள்

தம்பி, சில்லிலும் பிழையில்லை, சென்சரிலும் பிழையில்லை. வாசித்த அகலம்தான் பிழை. உங்கள் சில்லில் 32 பிட் அகலமுள்ள எஸ்0 முதல் எஸ்31 வரையான பதிவகங்கள் உள்ளன. அவற்றையே இரண்டிரண்டாகச் சேர்த்து டி0 முதல் டி15 வரை 64 பிட் அகலத்திலும் அழைக்கலாம். 12.5 என்பது ஒற்றைத் துல்லியத்தில் (32 பிட் வடிவம்) பதினறும 41480000 ஆகும். அது எஸ்0இல் இருக்கிறது, எஸ்1 பூச்சியம். இரண்டையும் சேர்த்து இரட்டைத் துல்லிய (64 பிட்) எண்ணாக வாசிக்கும்போது, 2இன் வலுவைச் சொல்லும் பகுதியான சுட்டிக்குரிய 11 பிட்டுகளும் எஸ்1இன் பக்கம் விழுந்து பூச்சியமாகி விடுகின்றன. ஆகவே 41480000இன் தசமப் பெறுமதியான 1095237632, 2இன் −1074ஆம் வலுவால் பெருக்கப்பட்டு, நீங்கள் கண்ட அந்த நுண்ணிய எண்ணாக வெளிவருகிறது. ஜிடிபியிடம் டி0ஐ விட்டு எஸ்0 என்ற பெயரைக் கேளுங்கள், 12.5 வரும்.

உங்கள் சாளரத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தன்னுள் இருப்பது எந்த வகை எண் என்பது பதிவகத்துக்குத் தெரியாது. அதை அறிந்தது கட்டளை மட்டுமே. ஆகையால் டிபக்கர் தானாக ஒரு வகையை ஊகித்து, அந்த ஊகத்தை உண்மைபோல் காட்டக் கூடாது. பிட்டுகளைப் பதினறுமத்தில் எப்போதும் காட்டுங்கள். அதன் பக்கத்தில் தசம வாசிப்பையும், அது ஒற்றையா இரட்டையா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இலக்கத்தைப் பொறுத்தவரை, ஒற்றைத் துல்லியத்துக்கு 9, இரட்டைத் துல்லியத்துக்கு 17 பொருளுடைய இலக்கங்கள் வேண்டும். அதற்குக் குறைந்தால் வெவ்வேறான இரு பதிவகங்கள் திரையில் ஒரே எண்ணாகத் தெரியக்கூடும்.

உங்கள் வேலையிலேயே இது வரும். குளம் நிரம்பி வான் பாயும் மட்டத்தை 12.1 அடி என்று ஒற்றைத் துல்லிய மாறியில் வைத்தால், உள்ளே கிடப்பது 12.1000004 அளவான எண். அதை நிரலில் வெறுமனே 12.1 என்று எழுதிய மாறிலியோடு சமமா என்று ஒப்பிட்டால், சி மொழியில் அந்த மாறிலி இரட்டைத் துல்லியம் என்பதால், சமமில்லை என்றே விடை வரும். டிபக்கர் 12.1 என்று மட்டும் காட்டினால் காரணத்தை எங்கே போய்த் தேடுவது?

மாங்குளத்தான்

ஓமந்தை அக்கா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் 9 இலக்கம், 17 இலக்கம் என்று எப்போதும் நிரப்பிக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 32 பதிவகங்களும் அப்படி வரிசையாக நின்றால் கண்ணுக்கு ஒன்றுமே பிடிபடாது. திரும்ப வாசித்தால் அதே பிட்டுகளைத் தரும் மிகக் குறுகிய தசமத்தைக் காட்டுவதே போதுமானது. பிட்டுகள் பக்கத்தில் இருப்பதால் எதுவும் மறைந்து போவதில்லை; முழு இலக்கமும் வேண்டுபவர் கேட்டுப் பெறட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எம்4இன் அலகு ஒற்றைத் துல்லியத்தில் மட்டுமே கணிக்கும் என்பதால், டி வரிசையையே மறைத்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். அப்படிச் செய்ய வேண்டாம். மிதவைப் புள்ளிப் பதிவகங்கள் வழியாகவே சார்புகளுக்கு எண்களை அனுப்பும் முறையில் நிரலைத் தொகுத்திருந்தால், இரட்டைத் துல்லிய உள்ளீடு டி0 வழியாகத்தான் போகும். அதைக் கூட்டிக் கழிப்பது மென்பொருள் நூலகமாக இருந்தாலும் அது பயணம் செய்யும் இடம் அதுவே. எஸ் வரிசை முதலில் விரிந்து நிற்கட்டும், டி வரிசை மூடியிருந்து கேட்டால் திறக்கட்டும்.

நெடுங்கேணி

இந்தச் சிக்கல் பழையது. 1980இல் வந்த இன்டெலின் 8087 கணிப்புச் சில்லின் வழியில் வந்த எக்ஸ்87 மிதவைப் புள்ளி அலகில், 80 பிட் அகலமுள்ள எட்டுப் பதிவகங்கள் ஸ்டாக்காக (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்காக) இயங்குகின்றன. மேலிருப்பது எது என்பது ஏற்றும், இறக்கும் கட்டளைகளோடு நகரும். ஒவ்வொன்றும் நிரம்பியதா வெறுமையா என்று சொல்லும் குறிப்பும் தனியே உண்டு. ஜிடிபி அவற்றை ஆர்7 முதல் ஆர்0 வரை நிலையான இடங்களில் வைத்து, மேலிருப்பதற்கு ஓர் அம்புக்குறி போட்டு, வெறுமையானதை வெறுமை என்றே எழுதிக் காட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி முறை அதுதான். பின்னர் எம்எம்எக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி வந்தபோது, அதே பதிவகங்களின் கீழ் 64 பிட்டுகளில் முழு எண்கள் குடியேறின. மேல் 16 பிட்டுகளும் ஒன்றுகளால் நிரம்பியதால், தசமமாக மட்டும் காட்டிய டிபக்கர்களில் அவை ‘எண் அல்ல’ (செல்லாத கணிப்பைக் குறிக்கும் NaN) என்று வந்தன. பிட்டுகளைக் காட்டியவற்றில் மட்டும் உண்மை தெரிந்தது.

சாளரம் எழுதும்போது, பிட்டுகளை உங்கள் கணினியின் மிதவைப் புள்ளி மாறிக்குள் ஏற்றி இறக்க வேண்டாம். ‘எண் அல்ல’ வகைகளில் சமிக்ஞை எழுப்பும் வகை ஒன்று உண்டு. எக்ஸ்87இல் அதை ஏற்றியவுடனேயே அது அமைதியான வகையாக மாறிவிடும், நீங்கள் பார்க்க வந்ததே அழிந்துவிடும். 32 பிட் முழு எண்ணாகவே வைத்திருந்து, குறி, சுட்டி, பின்னம் என்று பிரித்தெடுங்கள். பதினறும 80000000 வந்தால் −0 என்று குறியோடு எழுதுங்கள். வெறும் 0 என்று எழுதினால் அது வேறு பெறுமதி.

அறிவியல்நகர் மாணவன்

மூவருக்கும் மிக்க நன்றி. எஸ்0இல் 12.5 வந்துவிட்டது. இன்னும் ஒரு சந்தேகம்: ஓடும் நிரலை இடைமறித்து இயங்கும் இன்டரப்ட் சார்பினுள் நிறுத்தி, இடைநிறுத்தப்பட்ட சார்பின் பதிவகங்களைப் பார்க்கப் போனால், அவை சேமிக்கப்படும் நினைவக ஸ்டாக்கில் எஸ்0க்குரிய இடத்தில் சம்பந்தமே இல்லாத எண்கள் கிடக்கின்றன. இதுவும் அகலத்தின் சிக்கலா?

ஓமந்தையாள்

இது அகலத்தின் சிக்கல் அல்ல, தம்பி. இன்டரப்ட் வரும்போது, மிதவைப் புள்ளி பயன்பாட்டில் இருந்தால், எம்4 ஸ்டாக்கில் 32 பைட்டுக்குப் பதிலாக 104 பைட் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எஸ்0 முதல் எஸ்15 வரைக்கும் இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, இன்டரப்ட் சார்பு மிதவைப் புள்ளிக் கட்டளையொன்றை இயக்கும் வரை எதையும் அங்கே எழுதுவதில்லை. நேரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அது. எனவே அந்த இடத்தில் நீங்கள் கண்டது முன்பு அங்கே கிடந்த பழைய எச்சம். இந்தச் சேமிப்பின் நிலையைச் சொல்லும் எஃப்பிசிசிஆர் (FPCCR) பதிவகத்தின் 0ஆம் பிட்டைப் பாருங்கள்: அது 1 ஆக இருந்தால் சேமிப்பு இன்னும் நடக்கவில்லை, சரியான பெறுமதி பதிவகத்திலேயே இருக்கிறது, 0 ஆக இருந்தால் ஸ்டாக்கில் உள்ளதை நம்பலாம். உங்கள் சாளரமும் அந்தப் பிட்டைப் பார்த்த பின்னரே எங்கிருந்து வாசிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எங்கிருந்து வாசித்தது என்பதையும் எண்ணின் அருகில் காட்டினால், அடுத்து அதைப் பயன்படுத்துபவர் இதே கேள்வியோடு நிற்க மாட்டார்.