ஆறு பிரிவு இருக்கிறதாம், பிள்ளைகளுக்குத்தான் மனமில்லையாம்!

மூன்றாம் வருஷக்காரி:
நேற்று வெள்ளவத்தை வாசி ஐயா இங்கே எழுதியதை அப்படியே தருகிறேன். "எங்கள் காலத்தில் ஏ.எல்.லில் (உயர்தரத்தில்) மூன்றே பாடப் பிரிவு. இப்போது ஆறு. குப்பி விளக்கில் படித்த நாங்கள் ஆளானோம். இந்தத் தலைமுறை போனை நோண்டிக்கொண்டு, படிக்க வழியில்லை என்று அழுகிறது."

வாசித்ததிலிருந்து வயிறு எரிகிறது. கொழும்பில் நான் படித்த தமிழ்ப் பாடசாலையில் இருந்தது கலையும் வணிகமும்தான். கலை எடுத்தேன், கம்பசுக்கும் வந்தேன். உளவியல் படிக்க ஆசைப்பட்டால் என் பீடத்தில் அது தமிழ்மொழிமூலம் இல்லை. சரி, ஆங்கிலத்திலேயே படிக்கிறேன் என்றால் அந்த விரிவுரை என் மற்றப் பாடத்தோடு ஒரே நேரத்தில் விழுகிறது. என் பட்டத்தைத் தீர்மானித்தது நேர அட்டவணை. வீட்டுக்கு வருகிற பெரியவர்களோ "கலைப் பீடமா? பகிஷ்கரிப்புக்குப் போகத்தான் நேரமிருக்கும்" என்று சிரிக்கிறார்கள்.

அப்புறம், பிரிவு ஆறு இல்லை, ஐந்து.

வெள்ளவத்தை வாசி:
ஆறு, பிள்ளை. கலை, வணிகம், உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம், பொறியியல் தொழில்நுட்பம், உயிர்முறைமைகள் தொழில்நுட்பம். விரல் விட்டு எண்ணிப் பாரும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் கிடக்கிறது. இதைத்தானே நானும் சொன்னேன், உங்களுக்கு இரண்டு பக்கம் வாசிக்கப் பொறுமை இல்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அண்ணை, தொழில்நுட்பம் ஒரே பிரிவுதான். 2013இல் தொடங்கினார்கள், 2015இல் முதல் பட்ச் சோதனை எழுதியது. என் மச்சான் அந்த பட்ச். அவனிடம் கேட்டால் ஐந்து என்பான்.

வெள்ளவத்தை வாசி:
உங்கள் மச்சானைக் கேட்டா கம்பசுக்கு ஆள் எடுக்கிறார்கள்? ஆறு.

மூன்றாம் வருஷக்காரி:
ஐயா, உங்கள் காலத்து மூன்று எவை? கலை, வணிகம், விஞ்ஞானம். அதாவது டொக்டர் ஆகப் போனவரும் இஞ்சினியர் ஆகப் போனவரும் ஒரே பிரிவு. எங்கள் கணக்கில் மட்டும் அதையே இரண்டாக வெட்டி எண்ணுகிறீர்கள். விஞ்ஞானத்தை அப்படி இரண்டாக வெட்டினால் உங்களுக்கும் நான்கு, தொழில்நுட்பத்தை ஒன்றாக எண்ணினால் எங்களுக்கு ஐந்து. வித்தியாசம் ஒன்று. அந்த ஒன்றும் நான் படித்த இடத்தில் இல்லை.

வெள்ளவத்தை வாசி:
கணக்கைக் குழப்பவேண்டாம். நான் சோதனை எழுதியது 1987. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இராணுவம் ஒப்பரேசன் லிபரேசன் தாக்குதல் நடத்திய வருஷம். ஷெல் விழுகிற நேரம் பதுங்குகுழி, விழாத நேரம் புத்தகம். கொழும்புக் கம்பசுக்கு எடுபட்டு வந்தால் ஜே.வி.பி. கிளர்ச்சியில் கம்பஸ் எல்லாம் இழுத்து மூடிக் கிடக்கிறது. 1990 வரை காத்திருந்தோம். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினேன். நேர அட்டவணை சரியில்லை என்று ஒருநாளாவது முறையிட்டிருப்போமா? எங்களுக்கு நேரமே இருக்கவில்லை, அட்டவணை எங்கே! உங்களுக்கு ஆறு பிரிவு, வீட்டுக்குள் இன்டர்நெட், மஹாபொல புலமைப்பரிசிலைக்கூட 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5000இல் இருந்து 7500 ஆக்கிக் கொடுத்தார்கள். இன்னும் என்ன வேண்டும், ஊட்டியும் விட வேண்டுமா?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
7500 ரூபாய்க்கு உங்கள் வெள்ளவத்தையில் ஒரு அறை காட்டுங்கள், இன்றைக்கே குடி வருகிறேன். அதோடு வெள்ளவத்தையில் ஏது குப்பி விளக்கு?

வெள்ளவத்தை வாசி:
வெள்ளவத்தையில் படித்தேன் என்று எப்போது சொன்னேன்? வடமராட்சி என்று மேலே எழுதியிருக்கிறேன். இதுவும் வாசிக்கவில்லை. ஆறையும் வாசிக்கவில்லை.

மூன்றாம் வருஷக்காரி:
ஷெல்லுக்குள் படித்ததை நான் குறைத்துப் பேசவில்லை, என் அம்மாவும் அங்கேதான் படித்தவர். ஆனால் கஷ்டம் உங்கள் தலைமுறையோடு முடிந்துவிட்டது போலப் பேசுவதுதான் பிடிக்கவில்லை. 2021இல் எழுத வேண்டிய சோதனையை நாங்கள் 2022 பெப்ரவரியில் எழுதினோம். அதற்கு முன் கொரோனா, சூம் வகுப்பு, அதற்கு டேட்டா. பெறுபேறு ஓகஸ்டில். கம்பஸ் வாசலை மிதித்தது 2023இல். நடுவில் 13 மணித்தியால மின்வெட்டு, பெற்றோல் வரிசை. குப்பி விளக்கு உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

வெள்ளவத்தை வாசி:
பிடித்தேன்! 13 மணித்தியால மின்வெட்டு மார்ச் கடைசியில். உங்கள் சோதனை மார்ச் 5ஆம் திகதி முடிந்துவிட்டது. யாருக்குக் கதை விடுகிறீர்?

மூன்றாம் வருஷக்காரி:
பெப்ரவரியிலேயே மணிக்கணக்காக வெட்டத் தொடங்கிவிட்டார்கள், சோதனை நடக்கும்போதே. நீங்கள் திட்டுகிற அதே போனின் வெளிச்சத்தில்தான் மீட்டல் செய்தேன்.

வெள்ளவத்தை வாசி:
13 என்று சொன்னீரா இல்லையா?

ரொரன்ரோ ராசா:
இதற்குத்தான் சொல்கிறேன், அங்கே மூன்று பாடத்தோடு மல்லுக்கட்டாமல் இங்கே வாருங்கள். இங்கே கம்பசில் விரும்பிய பாடத்தை எடுக்கலாம், பிடிக்காவிட்டால் மாறலாம்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
வந்துவிட்டார். அண்ணை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே எவ்வளவு கட்டணம் என்றும் எழுதுங்களேன்.

ரொரன்ரோ ராசா:
உழைத்துப் படிக்க மனமிருந்தால் வழி கிடைக்கும்.

வெள்ளவத்தை வாசி:
உழைப்பைப் பற்றி நீர் பேசாதேயும் ராசா. ஊரில் எல்லாரும் இருந்து கஷ்டம் அனுபவிக்க, முதல் கப்பலில் ஏறினவர் நீர். போன மாதம் கோயில் திருப்பணிக் கணக்கில் என்னைக் கேள்வி கேட்டவரும் நீர்தான், மறக்கவில்லை.

ரொரன்ரோ ராசா:
கப்பல் இல்லை, விமானம். கணக்கு இன்னும் வரவில்லை.

மலைக்காற்று:
கொழும்பு ஆட்கள் இங்கே ஐந்தா ஆறா என்று அடித்துக்கொள்வதைப் பார்க்க நல்ல பொழுதுபோக்கு. எங்கள் தோட்டப் பக்கம் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் கிடைப்பதே பெரிய பாடு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவுக்கு வெட்டுப்புள்ளி (எடுபடத் தேவையான குறைந்த புள்ளி) குறைவு என்று தெரிந்ததும் வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் கடைசி நேரத்தில் எங்கள் பாடசாலைகளில் பதிந்து சோதனை எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளையின் இடம் போகிறது. முதலில் அதைப் பேசுங்கள்.

மூன்றாம் வருஷக்காரி:
அது உண்மை. ஆனால் நான் எழுதியது கொழும்பில், கொழும்பு வெட்டுப்புள்ளிக்குத்தான். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

வெள்ளவத்தை வாசி:
மலைக்காற்றுத் தம்பி, சாட்டுச் சொல்வதில் நீரும் இந்தப் பிள்ளைக்குக் குறைவில்லை. வசதி குறைந்த இடத்திலும் படிக்கலாம். என் அண்ணன் மகன் நுவரெலியா மாவட்டத்து ஹட்டனில் இருந்து சோதனை எழுதித்தான் மருத்துவ பீடம் போனான். ஆறு பிரிவில் கஷ்டமான பிரிவு அது.

மலைக்காற்று:
அண்ணன் வீடு ஹட்டனிலா?

வெள்ளவத்தை வாசி:
ஏன் கேட்கிறீர்?

மலைக்காற்று:
சும்மாதான். ஓ.எல். (சாதாரண தரம்) எங்கே எழுதினார் என்றும் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அண்ணை, நான் சொல்லட்டுமா? இங்கே கொழும்பில், பம்பலப்பிட்டியில். அவரும் நானும் ஒரே ரியூசன் வகுப்பு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் போய் வருவதாக அவரே சொல்வார்.

வெள்ளவத்தை வாசி:
அது எங்கள் குடும்ப விஷயம். சட்டப்படி பதிந்துதான் எழுதினான். பேச்சை மாற்றவேண்டாம், இங்கே கேள்வி பிரிவு எத்தனை என்பது.

மூன்றாம் வருஷக்காரி:
இல்லை, கேள்வி அது இல்லவே இல்லை. நான் முதலில் எழுதியதை யாராவது வாசித்தீர்களா?

வெள்ளவத்தை வாசி:
வாசித்தேன். ஐந்து என்று எழுதியிருந்தீர்.

ரொரன்ரோ ராசா:
திருப்பணிக் கணக்கு?

மலைக்காற்று:
ஹட்டனில் எந்த வருஷம் பதிந்தார் ஐயா? பாடசாலைப் பெயர் வேண்டாம், வருஷம் போதும்.

வெள்ளவத்தை வாசி:
நாளைக்குக் கையேட்டின் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். எல்லாரும் கண்ணைத் திறந்து எண்ணுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
தமிழ்ப் பக்கத்தைப் போடுங்கள் அண்ணை. மச்சானுக்கும் அனுப்ப வேண்டும்.