பிளாப்பி டிரைவில் சிக்கிய டிஸ்க்கை எப்படி எடுப்பது?

வெள்ளவத்தை வாசி:
அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் 3.5 அங்குல பிளாப்பி டிரைவ். 1.44 எம்பி டிஸ்க் ஒன்று பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. அதில் 1998இல் அவர் தட்டச்சு செய்த கடிதங்கள் இருக்கின்றன. குறடால் இழுக்கலாமா?

பழைய மெக்கானிக்:
ஐயோ தம்பி, குறட்டைக் கீழே வையுங்கள்! பெரும்பாலும் டிஸ்க்கின் உலோக மூடி வளைந்து மேல் ஹெட்டில் (டிஸ்க்கைப் படிக்கும் முனை) மாட்டியிருக்கும். இழுத்தால் ஹெட் பிய்ந்துவிடும், பிறகு டிரைவ் குப்பைதான். மின்சாரத்தை நிறுத்தி, டிரைவைக் கழற்றி, மேல் தகட்டைத் திறவுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் துண்டால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியேற்றும் பொத்தானை மெதுவாக அமர்த்துங்கள்.

வெள்ளவத்தை கடலோரம் வேறு, உப்புக் காற்றில் துரு இருக்கும். ஹெட் நகரும் திருகுத் தண்டில் காய்ந்த கிரீஸைத் துடைத்து, புதிதாகத் துளியளவு மட்டும் பூசுங்கள். ஹெட்டுகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மேல் ஹெட்டைத் தூக்க வேண்டாம், அதன் ஸ்பிரிங் மிக நுட்பமானது.

வெள்ளவத்தை வாசி:
வந்துவிட்டது அண்ணா! மூடிதான் கோணியிருந்தது. அந்த டிஸ்க்கை மறுபடி போடலாமா?

பழைய மெக்கானிக்:
மூடியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள், மூடி இல்லாமலும் படிக்கும். ஆனால் அதற்கு முன், டிரைவ் சரியாக இருக்கிறதா என்று தேவையில்லாத வேறொரு டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். அப்பாவின் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் காந்தப் படலத்தில் பூஞ்சை தெரிந்தால் உள்ளே விடவே வேண்டாம்.