நாய்க்கு ஈறில் ரத்தம்: மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்யத்தான் வேண்டுமா?

மணியம்மா:
எங்கள் மணிக்கு 9 வயது. கடித்து விளையாடும் பொம்மையில் ஒரு வாரமாக ரத்தக்கறை, வாய் நாற்றம் வேறு. மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது. மயக்கம் இல்லாமலே சுரண்டி எடுப்பார்களாமே, அது போதாதா?

செவலை:
போதும். என் நாய்க்கு இரண்டு வருடமாக அப்படித்தான், பல் பளிச்சென்று இருக்கிறது. பெரிய எலும்பாகக் கொடுங்கள், பல்லில் இறுகிப் படிந்த காறை உதிர்ந்துவிடும். மயக்கத்தில் ஒரு நாயைப் பறிகொடுத்தவன் நான், அந்தப் பேச்சே வேண்டாம்.

நாலுகால்:
செவலை, உங்கள் இழப்பு பெரியது. ஆனால் பளிச்சென்று தெரிவது பல்லின் மேல்பகுதி மட்டும்தான், நோய் இருப்பது ஈறுக்கு அடியில். பல்லில் படியும் படலத்தைத் தேய்த்து எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் காறையாக இறுகத் தொடங்கும், அப்புறம் அடியில் கிருமி சேர்ந்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை மாதிரி குழி விழுந்து, கடைசியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையும். விழித்திருக்கும் நாய் அந்தக் குழிக்குள் கருவியை விட விடுமா? எக்ஸ்ரேவுக்கு வாயைத் திறந்து வைத்திருக்குமா? எலும்பும் வேண்டாம், மேல் கடைவாயில் இருக்கும் பெரிய பல் அதில்தான் பிளக்கிறது. நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

செவலை:
சரி, எலும்பை விட்டுவிடுகிறேன். வயதான நாய்க்கு மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்கிறீர்களா? தினமும் தேய்த்தால் ஈறு ஆறாதா?

நாலுகால்:
ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம். ஈறு சிவந்து வீங்கிய கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டுத் தினமும் தேய்த்தால் ஆறும், எலும்பு கரைந்தால் அது திரும்பாது. இப்போது வலிக்கிற ஈறில் பிரஷ் வைத்தால் மணி அப்புறம் வாயையே காட்டாது. சுத்தம் செய்து ஆறிய பிறகு தொடங்குங்கள், நாய்க்கென்று உள்ள பேஸ்ட் மட்டும். நம் பேஸ்ட் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம்.

வெள்ளைவால்:
இடையில் ஒன்று. ஈறில் ரத்தம் என்றால் பல்தான் காரணம் என்று இருவரும் முடிவு கட்டிவிட்டீர்கள். எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலில், ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்து ஈறெல்லாம் ரத்தப் புள்ளிகள். சில வகை எலி மருந்தைத் தின்றாலும் ரத்தம் உறையாது. ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கிலும் ரத்தம் வந்தாலோ, அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மணியம்மா:
இப்போதுதான் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வெளுப்பு இல்லை, புள்ளியும் இல்லை. கடைவாய்ப் பல் ஓரம் சிவந்து கிடக்கிறது, ஒரு பல் ஆடுகிறது. நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம்.

செவலை:
போங்கள். மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். என் நாய்க்கு அப்படி யாரும் இருக்கவில்லை.